இரண்டு கோட் கறுப்பு

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தேன். டிரம் நின்றுபோனால், பம்ப் அடைத்துக்கொண்டால், சதை சீவும் மெஷினில் பிளேடு பிசகினால் என்னைத்தான் தேடுவார்கள். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மெரினாவில் பேண்ட்டை மடித்துக்கொண்டு நின்றதுதான். அப்படிப்பட்ட நான் ஒரு பாய்மரப் படகுக்கு ப்ரொப்பெல்லர் மாற்றப் போனேன். போன இடத்தில் ஒரு மனிதனின் கால் போவதற்குக் காரணமானேன். அதைக்கூடத் தவறு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். தெரிந்தும் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் முதலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல் படகு ஆசை வந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அவரைத் தன் படகில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். திரும்பி வந்தவருக்கு ஆபீஸில் உட்காரவே பிடிக்கவில்லை. சென்னையை விட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் பழைய பாய்மரப் படகை வாங்கினார். அது சென்னைத் துறைமுகத்தின் ஒரு மூலையில் நின்றது. அதைப் பார்த்துக்கொள்ள வடசென்னை மீனவர் குப்பத்திலிருந்து ஒருவரை வைத்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். படகுக்காரர் என்றே எழுதுகிறேன். ஞாயிறுதோறும் முதலாளியும் அவரும் காற்று வாங்கிக்கொண்டு போய் வருவார்கள். பணக்காரர்களுக்கு வரும் ஆசைகளில் அது ஒன்றும் கெட்ட ஆசையில்லை.

பாய் விரித்துப் போகும் படகுக்கு எதற்கு ப்ரொப்பெல்லர் என்று நானும் கேட்டேன். துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியே வரவும் ஒரு சின்ன டீசல் எஞ்சின் உண்டு. வெளியே போய் பாய் ஏற்றியதும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அப்போது அடியில் இருக்கும் ப்ரொப்பெல்லரின் மூன்று இறக்கையும் சும்மா விறைத்துக்கொண்டு நின்று தண்ணீரை இழுத்துப் பிடிக்கும்.

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டு வண்டி ஓட்டற மாதிரிப்பா," என்றார் முதலாளி. "இப்ப மடங்கற ப்ரொப்பெல்லர் வந்திருக்கு. எஞ்சின் ஓடுனா சுத்தற வேகத்துல தானா விரிஞ்சுக்கும். நிறுத்திட்டா ரெண்டு இறக்கையும் பின்னாடி மடங்கிக்கும். ஸ்பீடு ஜாஸ்தி ஆகும்."

"அங்க மெக்கானிக் இருப்பாங்களே சார்?"

"ஹார்பர்ல இருக்கறவனுங்ககூட ஒரே பேஜார். நம்ம ஆளு செஞ்சாதான் எனக்கு நிம்மதி. நீயே வா."

நம்ம ஆளு என்று அவர் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் கோபித்திருக்கக்கூட மாட்டார். வேறு ஆளைப் பார்த்திருப்பார்.

சாமான் பெட்டி வெளிநாட்டிலிருந்து நேராக ஆம்பூருக்கே வந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப் மேஜையில் வைத்துப் பிரித்தேன். வெண்கலத்தில் ஒரு தலை, அதில் ஊசி போட்டுக் கோத்த இரண்டு இறக்கைகள். கையால் விரித்தால் விரிந்தது; விட்டால் கும்பிடுகிற கை மாதிரி சேர்ந்துகொண்டது. நாலைந்து தடவை விரித்து விரித்துப் பார்த்தேன். வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கூடவே தலையின் பின்பக்கம் திருகி மாட்ட ஒரு சின்னக் கூம்பு இருந்தது. துத்தநாகம், எங்கள் பேச்சில் ஜிங்க். சாம்பல் நிறம், சொரசொரப்பு, ஆணியால் கீறினால் கோடு விழுகிற மெத்து உலோகம். இவ்வளவு நல்ல பொருளுக்கு இவ்வளவு மட்டமான மூடியைப் போட்டிருக்கிறானே என்று நினைத்தேன்.

எங்கள் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் அடுத்துச் செய்தது புரியும். தோல் எங்களிடம் உப்பில் புரண்டு வருகிறது. தரையெல்லாம் உப்பு, பிறகு சுண்ணாம்பு, பிறகு அமிலம், குரோம். அங்கே இரும்பைச் சும்மா விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. போல்ட்டின் தலை உதிரும், தூண் அடியில் இற்றுப்போகும். அதனால் நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரே சட்டம்: எந்த உலோகமாக இருந்தாலும் முதலில் இரண்டு கோட் கறுப்பு எபாக்சி, அப்புறம்தான் மாட்டுவது. புது ஆள் யாராவது பெயிண்ட் அடிக்காமல் ஒரு கிளாம்பை மாட்டினால் கழற்றி அவன் கையிலேயே கொடுப்பேன். அந்தச் சட்டத்தால்தான் எங்கள் டிரம்கள் மற்றவர்களுடையதைவிட நாலு வருஷம் கூட ஓடின. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

கூம்புக்கும் அடித்தேன். வெண்கலத்தில் பெயிண்ட் நிற்காது, அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன். இந்த மட்டமான மூடிதான் முதலில் போகும், இதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். காலையில் ஒரு கோட், காய்ந்தபின் சாயங்காலம் ஒரு கோட். பெட்டியில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. படங்களை மட்டும் பார்த்தேன். எந்த நட்டு எங்கே என்று தெரிந்துவிட்டது. பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும், சோம்பேறித்தனம்.

சென்னையில் கிரேன் வைத்துப் படகைத் தூக்கித் தரையில் நிறுத்தியிருந்தார்கள். பழைய ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டி முறுக்கி, சூடு காட்டி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் டக்கென்று விட்டது. புதியதை ஏற்றி, அது ஷாஃப்ட்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவிக் கட்டை பொருந்துகிறதா என்று பார்த்து, நட்டை இறுக்கி, கடைசியாகக் கூம்பைத் திருகினேன். படகுக்காரர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பழசுல இருந்த மூடி வெள்ளையா இருந்துச்சே. அதுக்கு யாரும் பெயிண்ட் அடிச்சதில்ல. இதுக்கு இன்னாத்துக்கு கறுப்பு?"

"ஏம்பா, இருபத்தாறு வருஷமா உப்புலயே கெடக்கறவன் நான். உப்பு இன்னா செய்யும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்லண்ணே, சும்மா கேட்டேன். நீங்க படிச்சவங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற முதலாளிகூடச் சிரித்தார். பழைய ப்ரொப்பெல்லரிலிருந்து கழற்றிய கூம்பு அங்கேயே தரையில் கிடந்தது, பாதி கரைந்து, கடித்துப் போட்ட கொய்யாக்காய் மாதிரி. அதைக் குனிந்து எடுத்து, இது ஏன் இப்படிக் கரைந்தது, மற்றதெல்லாம் ஏன் கரையவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பார்த்தாயா, பெயிண்ட் அடிக்காவிட்டால் இதுதான் கதி என்று அதையே அவருக்குக் காட்டிப் பேசினேன்.

படகு முன்னைவிட வேகமாகப் போனது. முதலாளி எனக்கு போன் செய்து காற்றின் சத்தத்தைக் கேட்க வைத்தார். எட்டு மாதம் அப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மறுபடி கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. திரும்பி வரும்போது துறைமுக வாயில் தாண்டி எஞ்சினைப் போட்டிருக்கிறார்கள். திடீரென்று படகே உடைந்துவிடும் போல உதறல். பயந்து எஞ்சினை நிறுத்தியிருக்கிறார் முதலாளி. பாயை இறக்கியாயிற்று, எஞ்சினும் இல்லை. அலை படகைக் கல் சுவரை நோக்கித் தள்ளியது. குப்பத்துக்காரர்கள் சின்னப் படகில் செய்வதைப் போல, படகுக்காரர் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டிச் சுவரை உதைத்துத் தள்ளப் பார்த்திருக்கிறார். அது சின்னப் படகு இல்லை. அலை ஏறி இறங்கிய ஒரு நொடியில் கால் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

"அவன் கயிறுன்னு சொல்றான்," என்றார் முதலாளி. "வழில நீலக் கயிறு ஒண்ணு மெதந்துச்சாம், அது மேல ஏத்திட்டானாம். அவன்தான் சுக்கான் புடிச்சிருந்தான். நீ வந்து ப்ரொப்பெல்லரைப் பாரு."

போனேன். படகைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இரண்டு இறக்கையில் ஒன்றுதான் இருந்தது. மற்றது கடலில். ஒற்றை இறக்கையோடு சுற்றினால் உதறாமல் என்ன செய்யும்? இறக்கை கோத்திருந்த இடத்தைப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் ஈறு மாதிரி சிவந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், பிஸ்கட்டாக உதிர்ந்தது. அந்த உதிர்ந்த உலோகத்துக்குப் பின்னால் என் கூம்பு இரண்டு கோட் கறுப்போடு, மாட்டிய அன்று இருந்தது போலவே, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

கருவிப் பையில் அந்தக் காகிதம் இன்னும் இருந்தது. படகின் நிழலில் நின்று கண்ணாடி போட்டுப் படித்தேன். கடல் தண்ணீரில் இரண்டு உலோகம் சேர்ந்து கிடந்தால் ஒன்று அரிக்கப்படும். அந்த அரிப்புக்குத் தீனியாகத்தான் துத்தநாகத்தை வைக்கிறார்கள். அது கரையக் கரைய மற்றவை பிழைக்கும். கரைந்ததும் மாற்ற வேண்டும். அதற்கு ஒருபோதும் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று ஒரு வரி தனியாகத் தடித்த எழுத்தில் இருந்தது. நான் தீனியைப் பூட்டி வைத்துவிட்டேன். பசி வெண்கலத்தின் மேல் போயிருக்கிறது.

"இன்னா ஆச்சு?" என்று முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"கயிறுதான் சார். மாட்டி இழுத்ததுல பிஞ்சுகிட்டு போயிருக்கு," என்றேன்.

யோசிக்காமல் வந்த வார்த்தை என்று சொல்ல ஆசைதான். யோசித்துத்தான் சொன்னேன். படகுக்காரரே கயிறு என்கிறார், முதலாளியும் நம்புகிறார், நான் எதற்கு நடுவில் குதிக்க வேண்டும்? கயிற்றின் மேல் பழி போட்டால் கயிறா அழப்போகிறது? முதலாளி அப்பால் போனதும் கூம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்துக்கு வந்தேன். நடுப்பாலத்தில் நிறுத்தி அதை ஆற்றில் எறிந்தேன். எறிந்த பிறகுதான் பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று உறைத்தது. தொப்பென்று மணலில் விழுந்து, கறுப்பாக, எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டது. திருட்டைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாதவன் நான். கீழே இறங்கிப் புதைக்க வெட்கமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு பாகாயத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்; அங்கிருந்துதான் தினமும் ஆம்பூருக்கு பஸ்ஸில் போய் வருவேன்.

முதலாளி படகை விற்றுவிட்டார். வேறு படகுக்காரர்கள் மத்தியில் எப்படியோ பேச்சுப் பரவி, கயிறு மேல் ஏற்றியவர் என்று கால் போனவருக்குப் பெயர் வந்துவிட்டது. ஒற்றைக் காலோடு அவரை இனி யார் வேலைக்கு வைக்கப்போகிறார்கள், பெயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசுக்கு எதைச் சொன்னாலும் அது ஒரு வாரம் கேட்கும். அப்புறம் வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

புண் ஆறி, கால் பொருத்தலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். பாகாயம் பக்கத்தில் செயற்கைக் கால் செய்து கொடுத்து நடக்கவும் பழக்கும் இடம் உண்டு.

"உன் வீடு பக்கத்துலதான? மூணு வாரம் ஆகும்னாங்க. உன் வீட்டம்மாவும் நர்சா இருந்தவங்க. அவன உங்கூட வெச்சுக்கயேன்."

மாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

இரண்டு ஊன்றுகோலும் ஒரு பையுமாக வந்து இறங்கினார். பையில் எங்களுக்காக ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. "அக்கா, அண்ணனுக்கு நல்லா வறுத்துக் குடுங்க," என்று என் மனைவியிடம் கொடுத்தார். எங்கள் முன்னறையில் கட்டில் போட்டோம். காலையில் மனைவி அவர் காலைத் துடைத்து, மடிப்பில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து, பட்டைத் துணி சுற்றுவாள். நான் ஆட்டோவில் கால் செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு ஆம்பூர் பஸ்ஸைப் பிடிப்பேன்.

அவர் எங்களுக்கு நன்றி சொல்லாத வேளை கிடையாது. தண்ணீர் கொடுத்தால் நன்றி, மின்விசிறியைத் திருப்பிவிட்டால் நன்றி. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சர்ச்சுக்கு வந்தார். கோயிலுக்குப் போகிறவர்தான், இருந்தாலும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எதற்கு வேண்டிக்கொண்டாய் என்று மனைவி கேட்டாள். "அண்ணனுக்குத்தான்க்கா. எவன் இந்தக் காலத்துல முன்ன பின்ன தெரியாதவன வூட்ல வெச்சு சோறு போடறான்?" என்றார். நான் அன்றைக்கு சாம்பாரில் உப்பு இல்லையென்று மனைவியைக் கத்தினேன். உப்பு இருந்தது.

என் மனைவி முட்டாள் இல்லை. "அந்த ஆள் மூஞ்சியை ஏன் பாக்க மாட்டேங்கறீங்க?" என்று சமையலறையில் கேட்டாள். வேலைக் களைப்பு என்றேன். நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டாள்.

இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிர்முனையில் எடுக்கவில்லை. மறுபடி போட்டார், மறுபடி எடுக்கவில்லை. தினமும் இப்படிப் போடுவதை மனைவி கவனித்திருக்கிறாள் போல.

"யாருக்குப்பா? எடுக்கவே மாட்டேங்கறாங்களே," என்றாள்.

"என் தங்கச்சிக்கா. பேச மாட்டா. அவ வூட்டுக்காரன ஊர் தள்ளி வெச்சுட்டாங்க, என்னாலதான்."

மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

அந்த நீலக் கயிறு யாருடையது என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். விபத்துக்கு முதல்நாள் அவர் தங்கை கணவனின் வலை அறுந்து, அதன் மிதவைக் கயிறு துறைமுக வாயில் பக்கம் போய்விட்டது. அறுந்த வலையை, எவ்வளவு நேரம் ஆனாலும், அதன் சொந்தக்காரன் தேடி எடுத்து வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு; மற்றவன் எஞ்சினில் மாட்டினால் உயிர் போகும். மச்சான் அன்றைக்குத் தேடிவிட்டு, இருட்டியதும் நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டான். மறுநாள் இது நடந்தது. ஊர் கூடியது. கேட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இவர் உள்ளதைச் சொன்னார்: நீலக் கயிறைப் பார்த்தேன், அடுத்த நிமிஷம் படகு உதறியது. மச்சான் என்பதற்காகப் பொய் சொல்ல முடியுமா? ஒரு வருஷம் அவன் கடலில் இறங்கக் கூடாது, அவன் வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது என்று தீர்ப்பு. மச்சான் மங்களூர் பக்கம் யாருடைய விசைப்படகிலோ கூலிக்குப் போய்விட்டான். தங்கை அந்த ஊரில் யாரும் பேசாத வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறாள். பெரியவள் வயதுக்கு வந்ததற்கு ஒரு வீட்டிலிருந்தும் ஆள் போகவில்லை. தாய்மாமன் இவர், இவரும் போகவில்லை.

"போய்ருக்கலாம்கா. ஊரு தள்ளி வெச்ச வூட்டுக்கு எப்பிடி போறதுன்னு இருந்துட்டேன். கால வெச்சு சாக்கு சொல்லிட்டேன்," என்றார். முதல்முறையாக அவர் அழுது பார்த்தேன். கால் போனதற்கு அவர் ஒரு நாளும் எங்கள் வீட்டில் அழுததில்லை.

ஷூ லேஸைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். கயிறா அழப்போகிறது என்று நினைத்தேனே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுகூடப் பெரிதில்லை, அந்தச் சோற்றை ஏழு மாதமாக யாரோ ஒரு பெண்பிள்ளை தின்றுகொண்டிருந்திருக்கிறது. அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. இரண்டு நாள் இழுத்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் முதல் தடவையாக அவருக்குக் காலை மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கம்பி போட்ட நடைபாதையில் பத்து அடி நடந்தார். வியர்த்துக் கொட்டியது, முகமெல்லாம் சிரிப்பு. உள்பக்கம் ஓர் இடத்தில் அழுத்துகிறது, சரிசெய்து தருகிறோம், மத்தியானம் வரை இருங்கள் என்று கழற்றிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"காலு வந்ததும் மொத வேலையா தங்கச்சி வூட்டு வாசப்படில போய் நிக்கப்போறேண்ணே. செருப்பால அடிச்சாலும் சரி. நடந்தே போய் நிக்கணும்," என்றார்.

"கயிறு இல்லப்பா அது," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கூம்பு எதற்கு என்பதை, நான் பெயிண்ட் அடித்ததை, உலோகம் உதிர்ந்ததை, நான் கழற்றி எறிந்ததை. எங்கேயும் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். படகுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் கயிறு மேல ஏத்தல."

"இல்ல."

"கயிறே மாட்டல?"

"ஒரு நாருகூட அதுல இல்ல. நான் பாத்தேன்."

"நான் அன்னிக்கே கேட்டேன், இன்னாத்துக்கு கறுப்புன்னு," என்றார். பிறகு ஊன்றுகோலை எடுத்தார். "கெளம்பு."

"மத்தியானம் கால் குடுக்கறேன்னு..."

"கால வெச்சுகினு இன்னா பண்றது? கெளம்புய்யா. எங்க ஊர்ல வந்து சொல்லு. இப்பவே."

அண்ணே என்பது போய்விட்டது. அதன் பிறகு அவர் என்னை ஒருபோதும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஆட்டோ பிடித்துக் காட்பாடி போய், கிடைத்த ரயிலில் ஏறினோம். வழியில் மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கத்தான் வேணும், போய்ட்டு வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அரக்கோணம் தாண்டி ஒரு தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

குப்பத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோயில் முன்னால் வலை காயப்போடும் இடத்தில் தலைவரும் ஏழெட்டுப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். நான் நின்றுகொண்டு மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஆயிரம் தோலை ஒரே ஷிஃப்டில் ஏற்றி இறக்குகிற இடத்தில் ஆட்களை அதட்டிய குரல், அங்கே பாதியில் இரண்டு தடவை நின்றுபோனது.

தலைவர் நம்பவில்லை. "எங்க அந்த மூடி? காட்டு."

"எறிஞ்சுட்டேன்."

"எறிஞ்சுட்டியா. தோ பாருய்யா, தங்கச்சி பேசலன்னு இவன் உன்ன செட்டப் பண்ணி இட்டாந்தானா?"

கூட்டம் முனகியது. என்னிடம் காட்ட ஒன்றுமே இல்லை. என்னுடைய வார்த்தை ஒன்றுதான், அதன் தரம் எனக்கே தெரியும். படகுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஊன்றுகோல்களில் தொங்கினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரும் அவளைத் தொடாமல் ஒதுங்கி வழிவிட்டதிலேயே யாரென்று தெரிந்தது. அண்ணனைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"பொய் சொல்றவன் அடுத்தவன் தலைலதான் போடுவான். இவன் தன் தலைல போட்டுக்கறான்," என்றாள் தலைவரிடம். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்கிட்ட இன்னாத்துக்கு? அவரண்ட சொல்லு."

மூன்றாவது தடவையாகச் சொன்னேன். எதிர்முனையில் எஞ்சின் சத்தம், யாரோ கன்னடத்தில் கத்துகிறார்கள். நான் சொல்லி முடித்த பிறகும் அந்த எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். ஊரே அந்தச் சின்னப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எங்க மச்சான் அங்க கீறாரா?" என்று அவள் கணவன் கேட்டான்.

"இங்கதான் இருக்கார்."

தங்கை போனை அண்ணன் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஊன்றுகோலை விட்டுவிட்டு வாங்க வேண்டும், விட்டால் விழுந்துவிடுவார். மணலில் அப்படியே மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். தங்கை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிடிக்கவும் போகவில்லை.

"பேச மாட்டாரா? சரி, வுடு," என்றது போன். "கால் போட்டுட்டாங்களா அவருக்கு? நடக்கறாரா?"

இன்னும் இல்லை என்றேன்.